முக்காற்புள்ளிக்கு முன்னால்

“ரெண்டு புள்ளி வெக்கிறதுக்கு ஒரு கம்பெனியா? அதுக்கு நீ தெனிக்கும் பஸ் ஏறிக்கினு போவணுமா? எத்தினி நாளைக்குக் கண்ணு இத்த ஒரு வேலைன்னு சொல்லிக்கினு இருப்ப?”

மாமா இதைக் கேட்டது எங்கள் வீட்டு வாசலில், வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக. அவர் அம்மாவின் தம்பி. விமான நிலையத்தில் இறங்குகிறவர்களை மாமல்லபுரத்து விடுதிகளில் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். ஏறினார்கள், இறங்கினார்கள், வேலை முடிந்தது. வேலை என்றால் அப்படிக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அவருக்கு. நான் செய்வதைப் புரிய வைக்கிறேன் பேர்வழி என்று அன்று காலை கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரப்போகிற ஆராய்ச்சிக் கட்டுரைகள் எங்கள் அலுவலகத்துக்கு வரும், அவற்றின் ஆங்கிலத்தைச் சரிபார்த்து அனுப்புவோம், பட்டியல் வருகிற இடத்தில் இந்த இரட்டைப் புள்ளி சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதில் நான்தான் கெட்டிக்காரி என்று சொன்னேன்.

“எழுதறவங்க யாரு?”

“ப்ரொஃபசருங்க மாமா.”

“ப்ரொஃபசருக்கே தெரியாதது உனக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியும்” என்றேன். அதற்குமேல் விளக்கம் தர எனக்கு விருப்பமில்லை. பஸ் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவின் அப்பா அம்மா திருப்போரூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்த நிலம் இப்போது கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, மனைகளாகப் பிரிந்து கிடக்கிறது. அப்பா அங்கே காவலாளி. அம்மா கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறார். இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அதுவும் நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது என் சிலேட்டில் பார்த்துப் பழகியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. என் கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளாமல், பஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி வெளியே விட்டுக்கொண்டுதான் போவேன்.

அந்த இரட்டைப் புள்ளியை எனக்கு அறிமுகம் செய்தது அரசுப் பள்ளி. தமிழ்ப் பாடத்தில் அதன் பெயர் முக்காற்புள்ளி, மற்ற எல்லா வகுப்பிலும் கோலன். எங்கள் ஊரில் அது இல்லாத காகிதமே கிடையாது என்று பிறகு தோன்றியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் நாள், இடம், இப்படிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் அது நிற்கும். சுவரில் ஒட்டுகிற அஞ்சலிச் சுவரொட்டியில் தோற்றத்துக்குப் பின்னால் ஒன்று, மறைவுக்குப் பின்னால் ஒன்று. ஒரு ஆளின் மொத்த வாழ்க்கையும் அந்த இரண்டுக்கும் நடுவில் முடிந்துவிடும்.

பள்ளியில் அது மதிப்பெண். பத்தாம் வகுப்பில் சிறப்பு வகுப்பு எடுத்த டீச்சர் ஒவ்வொரு மாலையும் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“ஹெட்டிங் போடு. கோலன் வை. ஸ்கேல் வச்சு அடிக்கோடு போடு. திருத்தறவங்க உக்காந்து உன் கதைய முழுசாப் படிக்க மாட்டாங்க. கண்ணு ஓடறப்போ தலைப்பு தெரியணும். தலைப்பு தெரிஞ்சா மார்க்கு.”

அறிவியலில் வரையறை, படம், விளக்கம். கணக்கில் கொடுக்கப்பட்டது, கண்டுபிடிக்க வேண்டியது, தீர்வு. தமிழ்க் கட்டுரையில் முன்னுரை, உள்ளே நாலு உட்தலைப்பு, முடிவுரை. ஆங்கிலத்திலும் அதே. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு புள்ளி, புள்ளிகளை ஒட்டி ஒரு சின்னக் கோடு, கீழே கறுப்பு மையில் அடிக்கோடு. உள்ளே என்ன எழுதுவது என்பதை மனப்பாடம் பார்த்துக்கொள்ளும். என் விடைத்தாளை நகல் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ‘விடை இப்படி இருக்க வேண்டும்’ என்று மேலே எழுதியிருந்தது. கீழ் வகுப்புப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நானும் யாரும் இல்லாத நேரத்தில் போய் நின்று பார்ப்பேன்.

செங்கல்பட்டில் கல்லூரி. ஆங்கில இலக்கியம் எடுத்தேன். அங்கேயும் கவிதை ஒன்று கொடுத்தால் கவிஞரின் வாழ்க்கை, மையக்கருத்து, நடை, முடிவு என்று தலைப்புப் போட்டுத்தான் எழுதினோம். அந்தக் கவிதை எனக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ‘கருத்து’ என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, அடிக்கோடு போட்டிருப்பேன். துறையில் முதலிடம் வாங்கினேன்.

கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த அலுவலகத்தில் பயிற்சியாளராக என்னை எடுத்தார்கள். பயிற்சியின் முடிவில் ஒரு தேர்வு, தேறியவர்களுக்கு வேலை நிரந்தரம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் நடுவயதுக்காரர், குரலை உயர்த்தாதவர், எல்லோரையும் ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார். முதல் வாரத்தில் வெள்ளைப் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். “வீ கலெக்டட் வாட்டர் ஃப்ரம்: முட்டுக்காடு, கோவளம், கேளம்பாக்கம்.”

“இதுல என்ன தப்பு?”

எனக்குத் தப்பே தெரியவில்லை. அழகாக இருந்தது. பட்டியல் வருகிறது, முன்னால் கோலன் இருக்கிறது.

மேடம் உள்ளங்கையால் கோலனையும் அதற்குப் பின்னால் இருந்த ஊர்ப் பெயர்களையும் மறைத்தார். “இப்போ படிங்க. வீ கலெக்டட் வாட்டர் ஃப்ரம். இதோட நிறுத்தினா முழுசா இருக்கா?”

இல்லை. எங்கிருந்து என்ற இடத்தில் அது அந்தரத்தில் தொங்கியது.

“கோலனுக்கு முன்னாடி இருக்கறது தன் கால்ல நிக்கணும். முழு வாக்கியமா இருக்கணும். இல்லன்னா கோலன எடுத்துடுங்க. ஃப்ரம்முக்குப் பின்னாடி நேரா ஊர்ப் பேர எழுதிட்டுப் போங்க. கோலன்தான் வேணும்னா ஃப்ரம் த்ரீ வில்லேஜஸ்னு முடிங்க, அப்புறம் ரெண்டு புள்ளி, அப்புறம் பட்டியல்.”

அன்று பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே யோசித்தேன். தமிழில் நாம் முதலில் எண்ணிவிடுகிறோம். முட்டுக்காடு, கோவளம், கேளம்பாக்கம் என்று சொல்லிவிட்டு, ‘ஆகிய மூன்று ஊர்களில்’ என்று கடைசியில் கயிறு போட்டுக் கட்டுகிறோம். ஆங்கிலம் முதலில் மூட்டையைக் காட்டிவிட்டுப் பிறகு அவிழ்க்கிறது. அதை யாராவது ஒருவர் எனக்கு ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவள் நான்.

ஆனால் ஒருமுறை சொன்னால் போதும் எனக்கு. ‘ஆர்’, ‘வேர்’, ‘சச் ஆஸ்’, ‘இன்க்ளூடிங்’ போன்ற ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னால் புள்ளி வைத்துவிட்டுப் பட்டியலைத் தொடங்கியிருந்தால், அது எந்த நாட்டுப் பேராசிரியர் எழுதியதாக இருந்தாலும், என் கண் நேராக அங்கே போய் நிற்கும். கையால் மறைத்துப் பார்ப்பேன். தன் காலில் நிற்காவிட்டால் புள்ளிகளை எடுத்துவிடுவேன். யாரோ ஒரு பெரிய மனிதர் வைத்ததை நான் எடுக்கிறேன் என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் இனிக்கும்.

என்னோடு பயிற்சியில் இருந்த தோழி ஒருத்தி பொத்தேரியில் ஒரு ஹாஸ்டலில் தங்கி வந்துகொண்டிருந்தாள். கான்வென்ட்டில் படித்தவள். வீட்டில் அப்பா அம்மாவோடு ஆங்கிலத்தில் சண்டை போடுகிறவள். அவளுக்குக் கோலன் வராது. ‘இன்க்ளூடிங்’ என்று எழுதி இரண்டு புள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

“இங்க வருமா வராதாடி?”

“கைய வச்சு மறைச்சுப் பாரு.”

“மறைச்சுட்டேன்.”

“நிக்குதா?”

“ஆடுது.”

“எடுத்துடு.”

பொத்தேரியில் அவள் ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு டிபன் கடை. போகும்போதெல்லாம் அங்கே சாப்பிடுவோம். வாசல் பலகையில் ஆங்கிலத்தில் ‘டுடே ஸ்பெஷல் இஸ்’ என்று எழுதி, கோலன் வைத்து, கீழே ஆறேழு அயிட்டம் இருக்கும். நான் அதைப் பார்த்து முகம் சுளித்தேன்.

“அண்ணாத்த, இவ உங்க போர்டுல மிஸ்டேக் கீதுன்றா” என்று தோழி கல்லாவில் இருந்தவரிடம் போட்டுக்கொடுத்தாள். அவள் வேண்டுமென்றே எங்கள் பக்கத்துப் பேச்சைப் பேசிக் காட்டுவாள்.

“இன்னா மிஸ்டேக்கு? வெல ஏறிப்போச்சின்றியா?”

“அதில்லண்ணா, ரெண்டு புள்ளி அதிகமாம்.”

“புள்ளிக்கு நான் காசு வாங்கல மா. உக்காந்து சாப்புடு.”

அந்தக் கடையில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாதங்களில் நான் நிறையச் சிரித்தேன் என்று இப்போது தெரிகிறது.

தேர்வு இரண்டு பகுதி. முதல் பகுதி, ஒரு கட்டுரையைத் திருத்துவது. இரண்டாவது, அதை எழுதியவருக்கு ஆங்கிலத்தில் கடிதம். அவருடைய ஒரு பத்தி அவர் சொல்ல வந்ததற்கு நேர்மாறாகப் பொருள் தருகிறது. அதை அவர் மனம் நோகாமல் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும்.

திருத்துவதை நான் யாருக்கும் முன்னால் முடித்துவிட்டேன். கடிதத்துக்கு வந்தேன். திரை வெள்ளையாக இருந்தது. அந்த மனிதருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் பத்தியை மூன்று முறை படித்துவிட்டேன், குழப்பம் எங்கே என்று விரலை வைத்துக் காட்ட முடியும். ஆனால் எப்படித் தொடங்குவது? கை காத்திருக்கவில்லை. ‘வணக்கம்’ என்பதற்கான சொல்லைப் போட்டு இரண்டு புள்ளி வைத்தது. ‘பிரச்சினை’ என்று போட்டு இரண்டு புள்ளி. ‘காரணம்’, ‘தீர்வு’, ‘வேண்டுகோள்’, ‘முடிவுரை’. எல்லாவற்றுக்கும் அடிக்கோடு. ஒவ்வொன்றுக்கும் கீழே எண் போட்டு இரண்டு மூன்று துண்டுச் சொற்கள். எழுதி முடித்துவிட்டுத் திரையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் போல இருந்தது. முதல் ஆளாக எழுந்து வந்தேன். வெளியே தோழியிடம் ரொம்ப ஈசி என்றேன்.

இரண்டு நாள் கழித்து மேடம் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். திருத்திய கட்டுரையை முதலில் காட்டினார்.

“இதுல ஒரு தப்புகூட இல்ல. கோலன் எல்லாம் சரி. எனக்கே ஒரு எடத்துல சந்தேகம் இருந்துச்சு, நீங்கதான் சரி.”

பிறகு கடிதத்தைத் திருப்பி வைத்தார்.

“இது யாருக்கும்மா எழுதினீங்க?”

“ஆத்தருக்கு மேடம்.”

“ஆத்தருக்கு இல்ல. திருத்தறவங்களுக்கு எழுதியிருக்கீங்க. இது லெட்டர் இல்ல, ஆன்சர் ஷீட். வணக்கத்துக்குக்கூடத் தலைப்பா?” அவர் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “இதுல ஒரு வாக்கியம் எனக்குக் காட்டுங்க. முழுசா, தன் கால்ல நிக்கறது. ஒண்ணே ஒண்ணு.”

நான் தேடினேன். உண்மையாகவே தேடினேன், எங்காவது ஒன்று தப்பி வந்திருக்கும் என்று. ஒன்றுகூட இல்லை.

“நான் டிபார்ட்மென்ட்ல ஃபர்ஸ்ட் மேடம்” என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“தெரியும். அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு.”

அந்தத் தடவை எடுத்தது சிலரைத்தான், அதில் நான் இல்லை. தோழி தேறிவிட்டாள். அவளுக்குக் கோலன் இன்றும் ஆடும். ஆனால் யாருக்கு வேண்டுமானாலும் உட்கார்ந்து நாலு வரி எழுதுவாள். அடுத்த பயிற்சிக் குழு எப்போது என்று கேட்டேன். “இருக்குமான்னே தெரியல. நீங்க இப்ப பண்ற திருத்தத்துல பாதிய மெஷினே பண்ணுது. மிச்சம் இருக்கப்போறது இந்த மாதிரி லெட்டர் வேலைதான்” என்றார் மேடம். எழுந்து வாசல் வரை வந்தார். “இன்னொரு சான்ஸ் கேக்கணும்னா ஆபீஸுக்கு அப்ளிகேஷன் போடாதீங்க. எனக்கு எழுதுங்க. ஏன் வேணும்னு எனக்கு எழுதுங்க. படிச்சுட்டு நான் போய்ப் பேசறேன்.”

அடையாள அட்டையை வரவேற்பு மேசையில் கழற்றிக் கொடுத்தேன். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் பஸ்ஸில் ஏறினபோது உடம்பில் ஏதோ போட மறந்துவிட்டுக் கிளம்பியது போல இருந்தது.

வேலை போனது பெரிதில்லை. வேலை யாருக்கும் போகும். எனக்குள் கறுப்பாக இறங்கியது வேறு. நான் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் என்ன செய்துகொண்டிருந்தேன்? அப்பா வெயிலில் மனைகளைக் காத்து, அம்மா யார் யாருடைய படுக்கை விரிப்பையோ உருவி என்னை அனுப்பி வைத்தது புள்ளி வைத்து அடிக்கோடு போடக் கற்றுக்கொள்ளவா? என்னை யாரும் ஏமாற்றவில்லை. டீச்சர் சொன்னது சரி, தலைப்புக்குத்தான் மார்க், எனக்கு மார்க் வந்தது. வரிசையாக எல்லா வாசலிலும் என்னைக் கைதட்டி உள்ளே விட்டார்கள். கடைசி வாசலில்தான் சொன்னார்கள், உன்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை என்று.

மேடத்துக்கு எழுத உட்கார்ந்தேன். ‘காரணங்கள்’ என்று வந்தது, பின்னாலேயே இரண்டு புள்ளி. அழித்தேன். மறுநாள் ‘வேண்டுகோள்’ என்று வந்தது. அழித்தேன். வலுக்கட்டாயமாக ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது ‘பின்வருமாறு’ என்று போய் நின்றுவிடும். மறைத்துப் பார்த்தால் ஆடும். யோசிப்பதே தலைப்பாக வந்தது. பல் தேய்க்கும்போது ‘இன்று செய்ய வேண்டியவை’ என்று மனதுக்குள் ஓடினால் அங்கேயும் ஒரு கோலன் நின்றது.

அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அன்று மதியம் தரையில் தலையணை போட்டுப் படுத்துக்கொண்டு கேட்டார்.

“இன்னாதான் நடந்துச்சி அந்த ஆபீசுல? வாயத் தொறந்து சொல்லேன்.”

“பரிட்சையில ரெண்டு பார்ட்டு. மொத பார்ட்டு பாஸு. ரெண்டாவது பார்ட்டு ஃபெயிலு. காரணம், லெட்டரு.”

“இன்னாடி, மைக்குல அறிவிக்கறாப்புல சொல்ற. எங்கிட்ட சொல்றதுன்னா எங்கிட்ட சொல்லு.”

முயன்றேன். அந்தப் பத்தி எப்படி இருந்தது, அதை எழுதியவர் என்ன சொல்ல வந்தார், நான் ஏன் அதை அவரிடம் சொல்ல முடியாமல் போனேன் என்று ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா தூங்கியிருந்தார். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த உடம்பு. கோபப்பட ஒன்றுமில்லை. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்தேன்.

நான் அப்பவே சொன்னேன்ல என்று மாமா சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அதற்குப் பதில் வேலையோடு வந்தார்.

“அம்மா கீற ரிசார்ட்டுலயே ரிசப்ஷன்ல ஆள் கேக்குறாங்க. ஏசி. பொடவ அவங்களே குடுத்துருவாங்க. வந்தவன்கிட்ட இங்கிலீசுல ரெண்டு வார்த்த பேசணும், அவ்ளோதான். மேனேஜராண்ட பேசிட்டேன், திங்கக்கெழம வரச் சொல்லிக்கீறாரு.”

“நான் யோசிக்கணும் மாமா.”

“இன்னா யோசன? புள்ளி வெக்கிற கம்பெனி திரும்பக் கூப்புடப்போவுதா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. “நான் பின்கேட்ல நொழையறேன். எம் பொண்ணு முன்வாசல்ல நிப்பா” என்று மாமாவிடம் சொன்னார். என் பட்டமளிப்பு விழாவில்கூட அவர் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை போனேன். மண் நிறப் பட்டுக்கரை போட்ட செயற்கை இழைப் புடவை, நெற்றியில் அவர்கள் சொல்கிற அளவில் பொட்டு. வருகிறவர்களுக்கு இளநீர் நீட்டிப் பெயர் கேட்க வேண்டும். கூடத்துக் கண்ணாடி வழியே கடல் தெரியும். கவனிக்க நேரம் இருக்காது, நேரம் இருந்தாலும் பார்க்கப் பிடிக்காது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. மறுநாள் நிகழ்ச்சிகளைத் தினமும் நான்தான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். படகு சவாரி, கற்கோயில்களைச் சுற்றிக் காட்டுவது, யோகா. மேலே ஒரு தலைப்பு, ஒரு கோலன், கீழே பட்டியல். அந்தக் கோலன் சரியானதுதான், தலைப்புக்கு அது செல்லும். மேனேஜர் பார்த்துவிட்டு, “சூப்பரா கீதும்மா கையெழுத்து” என்றார். எனக்கு அந்தப் பலகையை உடைக்க வேண்டும்போல இருந்தது. இதற்காகத்தான் என்னை இவ்வளவு தூரம் தயார் செய்திருக்கிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. என் படிப்பு சரியாக வந்து பொருந்துகிற இடம் இந்தப் பலகைதான்.

நாட்கள் போயின. மேடத்துக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆரம்பிக்கவே முடியவில்லையே. தோழி ஒருமுறை போனில் கூப்பிட்டாள். புதிய குழு எடுப்பது பற்றிப் பேச்சு இருக்கிறது, எடுக்காமலும் விடலாம் என்றாள். “எழுதிட்டியாடி?” என்று கேட்டாள். கஸ்டமர் வந்துட்டாங்க என்று சொல்லிப் போனை வைத்தேன். கூடத்தில் யாரும் இல்லை.

போன வாரம் ஒரு மதியம். கூடம் காலியாக இருந்தது. அம்மா பக்கவாட்டுக் கதவைத் திறந்து மெல்ல எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறச் சீருடை, கையில் துடைக்கும் துணி. நான் புடவையில் அந்த மேசைக்குப் பின்னால் நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. வந்து மேசைக்கு எதிரே, விருந்தினர் நிற்கிற இடத்தில் நின்றார். சிரித்தார்.

“ரூம் கெடைக்குமா மேடம்?”

“யூ ஹேவ் புக்கிங்?” என்றேன் நானும்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்குள் உள்ளேயிருந்து சூப்பர்வைசர் வந்தார். சத்தம் போடவில்லை. துடைப்பத்தை நகர்த்தச் சொல்வது போலச் சொன்னார். “ஹவுஸ்கீப்பிங் லாபியில நிக்கக் கூடாதுன்னு எத்தினி தடவ சொல்றது? பின்னால போ.”

“போறேன் சார், போறேன் சார்” என்று அம்மா போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், ஒன்றுமில்லை என்பது போல. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொல். தமிழிலேயே. அதுகூட வரவில்லை. உள்ளே எல்லாம் தலைப்புத் தலைப்பாக நின்றுகொண்டிருந்தது. கோபம், அவமானம், வேலை, வீடு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு புள்ளி, அதற்குப் பின்னால் வெற்றிடம்.

சூப்பர்வைசர் உள்ளே போன பிறகு நான் போனை எடுத்தேன். மேடத்துக்குத்தான் எழுதினேன், ஆனால் அவரிடம் கெஞ்சுவதற்காக அல்ல. அவர்மேல்தான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவர் நல்லவர் என்று தெரிந்தும் ஆத்திரம். ‘ஒரு வாக்கியமாவது காட்டு என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. இந்த மாநிலம் என் முன்னால் வைத்த ஒவ்வொரு பரீட்சையையும் நான் அந்த வடிவத்தில்தான் வென்றேன் என்றும், அது உள்ளே வெற்றிடம் உள்ள வடிவம் என்று முதல் நாளே உங்களுக்குத் தெரிந்திருக்கும்போது கோலனை மட்டும் ஏன் திருத்தினீர்கள் என்றும் எழுதினேன். என் அம்மா சற்றுமுன் நான் நிற்கிற மேசைக்கு எதிரே வந்து நின்றதையும், அவரைப் போகச் சொன்னதையும், நான் வாய் திறக்காததையும் எழுதினேன். உங்கள் கட்டுரையாசிரியரின் பத்தியில் என்ன குழப்பம் என்று எனக்கு அன்றே தெரியும், இதோ சொல்கிறேன் என்று அதையும் எழுதினேன். எனக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று முடித்தேன். தயவுசெய்து என்ற சொல்லைப் போடவில்லை. அது கர்வமாகத் தெரிந்தால் தெரியட்டும்.

படித்துப் பார்த்தேன். ஆங்கிலம் சில இடங்களில் நொண்டியது. ஒரு வாக்கியம் மூச்சுவிடாமல் மிக நீளமாகப் போய்விட்டது. திருத்தும் கை பரபரத்தது. தலைப்பு எங்கும் இல்லை. கோலன் வரவில்லை. அதை வேண்டுமென்று தவிர்க்கவில்லை, எழுதும்போது அதன் நினைப்பே வரவில்லை.

இதனால் எதுவும் மாறும் என்று நான் நம்பவில்லை. புதிய குழுவே இல்லாமல் போகலாம். மேடம் அங்கே இன்னும் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. மாமா நாளைக்கும் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து முன்வாசலில் இறக்கிவிடுவார், அம்மாவைப் பின்பக்கத்தில். பதில் இதுவரை வரவில்லை.

ஆனால் அந்தக் கடிதத்தை ஒரு சொல்லும் திருத்தாமல் அன்றே அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு மேசையை விட்டு வெளியே வந்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, பின்பக்கம் துணி உலர்த்துகிற இடத்துக்கு அம்மாவைத் தேடிப் போனேன்.